மருந்தளந்த கைகள்: கொங்கு மலைகளில் வேட்டைத் துப்பாக்கியும் அதன் குறியும்

கோயம்புத்தூரை நடுவில் வைத்துப் பார்த்தால், வடக்கே தாளவாடி, திம்பம், பர்கூர் மலைகளும் வடமேற்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் கொங்கு நாட்டைச் சூழ்ந்து நிற்கின்றன. இம்மலைகளில் துப்பாக்கி வேட்டை நடந்த ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டைப் பற்றி எழுதிய நூல்கள், எந்த விலங்கு எங்கே வீழ்ந்தது, அதன் கொம்பு எத்தனை அங்குலம் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்கின்றன. ஆனால் அதை வீழ்த்திய குண்டை உருக்கி வார்த்தது யார், மருந்தை அளந்து போட்டது யார், அந்த அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் குறி எவ்வாறு விலகியது என்பவற்றை எழுத வந்தவர்கள் பெரும்பாலும் கடந்து போய்விட்டார்கள். வேட்டைத் துப்பாக்கியின் வரலாறு பாதிக்கு மேல் தோட்டாவின் வரலாறே என்பதால் இந்த விடுபாடு சிறியதன்று. தொடக்கத்தில் இங்கே துப்பாக்கி பிடித்த ஒவ்வொருவரும், குடியானவராயினும் துரையாயினும், தம் கையாலேயே மருந்திட்டுச் சுட்டவர்கள். அந்த வேலை ஒரு நூற்றாண்டுக்குள் அவர்கள் கையைவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தகைய தொழிற்சாலைகளுள் ஒன்று அதே மலைகளுக்குள், குன்னூருக்கு அருகிலுள்ள அருவங்காட்டில் எழுந்தது.

குறி தவறாமை என்பது சுடுபவரின் கண்ணையும் கையையும் மட்டும் சார்ந்ததன்று. துப்பாக்கியை அசையாத மேடையில் கிடத்தி, ஒரே புள்ளியை நோக்கிப் பலமுறை சுட்டாலும் குண்டுகள் ஒரே துளையில் போய் விழுவதில்லை. அவை ஒரு சிறு வட்டத்துக்குள் சிதறும், அந்த வட்டம் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவுக்குத் துப்பாக்கி நம்பத்தக்கதாகிறது. ஒவ்வொரு முறையும் மருந்து ஒரே அளவில், ஒரே வேகத்தில் எரிய வேண்டும். குண்டு குழலின் நடு அச்சிலிருந்து விலகாமல் கிளம்ப வேண்டும். வெடியின் அதிர்ச்சியில் குழல் அதிரும் விதமும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இம்மூன்றில் முதலிரண்டும் தோட்டாவை நிரப்புபவரின் பொறுப்பு. மூன்றாவதும் அவர் இடும் மருந்தின் அளவைப் பொறுத்தே அமைகிறது. எந்தத் துப்பாக்கிக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, சுட்டுப் பார்த்தே அறிய வேண்டும் என்பதால்தான் கையால் மருந்திடுவது ஒரு கலையாக வளர்ந்தது.

கொங்கு நாட்டு ஊர்களில் இன்றும் காணப்படும் புலிக்குத்திக் கற்கள், ஆநிரையைக் காக்கப் புலியோடு பொருதவர்களை ஈட்டியும் வாளும் ஏந்தியவர்களாகவே காட்டுகின்றன. துப்பாக்கி இங்கே படைக்கருவியாகவே முதலில் வந்தது. மைசூர் ஆட்சியின் கீழ் 18ஆம் நூற்றாண்டில் கொங்கு இருந்தபோது திரித்துப்பாக்கியும், அதன்பின் சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் பற்றும் துப்பாக்கியும் படைவீரர் கைகளில் புழங்கின. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த பிறகு கோயம்புத்தூர் கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டதோடு இப்பகுதியின் ஆயுத எதிர்ப்பு ஓய்ந்தது. எஞ்சிய துப்பாக்கிகள் பயிர்க்காவலுக்கும் வேட்டைக்கும் ஆனவை. அவற்றின் குழல் உட்புறம் வழவழப்பானது. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தென்னைநாரோ துணியோ வைத்து இடித்து, அதன்மேல் ஈயக்குண்டையோ ரவையையோ போட்டு மீண்டும் ஒரு தக்கை அடைப்பார்கள். எரிந்த மருந்தின் கசடு படிந்த குழலிலும் குண்டு சிக்காமல் இறங்க வேண்டும் என்பதற்காக அது குழலின் விட்டத்தைவிடச் சிறியதாகவே வார்க்கப்பட்டது. அதனால் வெடிக்கும்போது குண்டு குழலின் சுவரில் இங்குமங்கும் மோதி, கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கு எதிர்ப்பக்கமாக விலகிச் சென்றது. 80 கஜத்துக்கு அப்பால் இத்துப்பாக்கியால் ஒரு மானைக் குறிவைப்பது வீண்வேலை.

மருந்து உள்ளூரிலேயே கிடைத்தது. கருமருந்து எனப்படும் துப்பாக்கி மருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. இவற்றுள் பெரும்பங்கான வெடியுப்பை, பழைய ஊர்மேட்டு மண்ணை நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சி உப்பிலியர் எடுத்துவந்தனர். அப்படிக் காய்ச்சும்போது சமையலுப்பும் உடன் பிரிந்து வரும் என்பதால், உப்பு வரி ஏய்க்கப்படும் என்ற அச்சத்தில் ஆங்கில அரசு வெடியுப்புக் காய்ச்சுவதையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. எருக்கங்குச்சியும் துவரைமாரும் கரிக்கு ஏற்றவையாகக் கருதப்பட்டன. கனமில்லாத இத்தகைய குச்சிகளின் கரி எளிதில் பற்றி வேகமாக எரியும். நாட்டு மருந்தின் குறை அதன் வலிமையில் இருந்ததாகச் சொல்வதைவிட, அது ஒன்றுபோல் இல்லாததில் இருந்தது என்பதே பொருந்தும். முழுமையாகச் சுத்திகரிக்கப்படாத வெடியுப்பில் கலந்திருக்கும் சமையலுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் கோடையில் இடித்த மருந்தும் ஐப்பசி மழையில் எடுத்த மருந்தும் ஒரே அளவில் ஒரே வேகத்தைத் தரமாட்டா. மருந்துத்தூளின் பருமனும் ஒன்றாக இருக்காது. பொடியாக உள்ளது விரைந்தும் பருக்கையாக உள்ளது மெதுவாகவும் எரியும்.

1820களில் ஆங்கில அதிகாரிகள் நீலகிரியில் குடியேறத் தொடங்கியபின் இங்கு வந்த வேட்டைத் துப்பாக்கி வேறு வகையானது. அதன் குழலுக்குள் சுருளாக வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. அப்பள்ளங்கள் குண்டைச் சுழலவைத்தன, சுழலும் குண்டு தன் அச்சில் நிலைத்துப் பறந்தது. தட்டினால் பற்றும் ரசாயனம் அடங்கிய செப்புத் தொப்பி, அதாவது கேப், சக்கிமுக்கிக் கல்லின் இடத்தைப் பிடித்ததால் மழைச்சாரலிலும் துப்பாக்கி வெடித்தது. வால்டர் கேம்பெல் 1842இல் வெளியிட்ட நீலகிரி வேட்டை நூலும், டக்ளஸ் ஹாமில்டனின் குறிப்புகளைத் தொகுத்து 1892இல் வெளிவந்த நூலும் இக்காலத்தின் முதன்மைச் சான்றுகள். சென்னைப் படையின் அதிகாரியான ஹாமில்டன், ஜேம்ஸ் மைக்கேல் 1848இல் தொடங்கிய ஆனைமலை வனநிர்வாகத்தில் 1850களில் பொறுப்பேற்றவர். ஆனைமலை, நீலகிரி, பழனி மூன்றிலும் வேட்டையாடியவர். இத்தலைமுறையினர் துப்பாக்கியோடு வார்ப்பச்சு, மருந்துக்கொம்பு, அளவுக்கிண்ணம், எண்ணெயிட்ட துணித்துண்டுகள் ஆகியவற்றையும் ஒரே பெட்டியில் கொண்டுசென்றார்கள். அந்த அச்சு அந்தத் துப்பாக்கிக்கென்றே வெட்டப்பட்டது. வேறொன்றில் வார்த்த குண்டு அதே அளவுபோலத் தோன்றினாலும் அதே இடத்தில் விழாது.

குண்டைத் துணியில் வைத்து அழுத்தி இறக்குவதுதான் இத்துப்பாக்கியின் உயிர்நிலை. மெல்லிய துணி ஈயக்குண்டுக்கும் வரிப்பள்ளத்துக்கும் இடையே நெருங்கி, குண்டை நடு அச்சில் பிடித்துக்கொண்டது; துணியின் தடிமன் மாறினால் குண்டு இறுகும் அளவும், அதனால் எழும் அழுத்தமும், கடைசியில் குறியும் மாறின. குண்டு மருந்தின்மேல் முழுவதும் அமராமல் நடுவழியில் நின்றுவிட்டால் குறி தவறுவதோடு குழலே வெடிக்கவும் கூடும் என்பதால், இடிகோலில் ஒரு கீறல் இட்டு, அது குழல்வாய் மட்டத்துக்கு இறங்கியதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்வது வழக்கம். ஈயத்தின் தன்மையும் விலங்குக்கேற்ப மாற்றப்பட்டது. மானுக்குத் தூய ஈயம் போதும். யானைக்கும் காட்டெருதுக்கும் வெள்ளீயமோ பாதரசமோ சேர்த்துக் கடினமாக்கினார்கள். கடினமான ஈயம் உருகி ஆறும்போது தூய ஈயம் அளவுக்குச் சுருங்குவதில்லை. ஒரே அச்சில் வார்த்தாலும் குண்டின் விட்டமும் எடையும் நுட்பமாக மாறிவிடும். அதற்கேற்ப மருந்தையும் துணியையும் மாற்றாதவர், முந்தைய நாள் சரியாகச் சுட்ட துப்பாக்கி திடீரென்று கெட்டுவிட்டதாக எண்ணினார்.

துப்பாக்கியின் பருமனை அக்காலத்தில் 'போர்' என்ற எண்ணால் சொன்னார்கள். ஒரு பவுண்டு ஈயத்தில் குழலுக்குப் பொருந்தும் குண்டுகள் எத்தனை வார்க்கலாமோ அதுவே அந்த எண். 12 போர் என்றால் குண்டின் எடை பவுண்டில் 12இல் ஒரு பங்கு, 8 போர் என்றால் 8இல் ஒரு பங்கு, அதாவது எண் குறையக் குறையத் துப்பாக்கி பெரிதாகும். தாளவாடிக்கு வடக்கே சாமராசநகர்ப் பகுதியில் மைசூர் அரசுக்காக யானை பிடித்த ஜி.பி.சாண்டர்சன் 1878இல் வெளியிட்ட நூல், 8 போர், 4 போர் துப்பாக்கிகளை யானை வேட்டைக்குப் பயன்படுத்திய காலத்தின் பதிவு. மருந்தை டிராம் கணக்கில் அளந்தார்கள். ஒரு டிராம் ஏறத்தாழ 1.77 கிராம். யானைத் துப்பாக்கிக்குப் பத்து டிராமுக்கும் மேல் இட்டவர்கள் உண்டு. அவ்வளவு மருந்து தோளை உலுக்கியதோடு, காற்றசையாத மூங்கில் காட்டில் எழுப்பிய வெண்புகை, சுட்டவரின் கண்ணுக்கு விலங்கை முழுவதுமாக மறைத்தது. முதல் குண்டு எங்கே பட்டது என்று தெரியாமலேயே இரண்டாவதைச் சுட வேண்டிய நிலையில், முதல் குண்டு சொன்ன இடத்தில் போய் விழும் என்ற உறுதி உயிரைக் காக்கும் செய்தியாயிற்று.

ஆனைமலையும் நீலகிரியும் துப்பாக்கியிடம் கேட்டவை வேறுவேறு. ஆனைமலைக் காட்டில் காடர்களும் மலசர்களும் தடம் பார்த்து, ஒடிந்த கிளையையும் சாணத்தின் சூட்டையும் கணித்து, வேட்டைக்காரரைக் காட்டெருதிடமிருந்து முப்பது நாற்பது கஜத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே நுட்பமான குறியைவிடக் குண்டின் எடையும் ஊடுருவும் வலிமையுமே முதன்மை. வேட்டை நூல்களில் துப்பாக்கி செய்தவரின் பெயர் தவறாமல் வருகிறது. அந்த முப்பது கஜத்தைச் சாத்தியமாக்கிய காடரின் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. தொலைவைக் குறைத்துக் கொடுத்ததன் மூலம் குறியின் சிக்கலில் பாதியைத் தீர்த்தவர்கள் அவர்களே.

நீலகிரியின் மேற்கு விளிம்பிலோ வரையாடு திறந்த புல்வெளியிலும் செங்குத்துப் பாறையிலும் நின்றது. அதை நெருங்க மறைவிடம் கிடையாது. 100 முதல் 200 கஜம் வரை விலகி நின்று, பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கிச் சுட வேண்டும். பள்ளத்தாக்கின் குறுக்கே தொலைவை மதிப்பிடுவது பழகிய கண்ணையும் ஏமாற்றும். மெதுவாகச் செல்லும் கனத்த உருண்டைக் குண்டு 100 கஜத்துக்கும் 150 கஜத்துக்கும் இடையே பல அங்குலம் தாழ்ந்துவிடும் என்பதால், தொலைவைத் தவறாகக் கணித்தால் குண்டு வயிற்றிலோ காலிலோ பட்டு, விலங்கு பாறையிடுக்கில் போய்க் கிடந்து சாகும். கீழ்நோக்கிச் சுடும்போது இதற்கு நேர்மாறான பிழை நேர்ந்தது. புவியீர்ப்பு குண்டைத் தாழ்த்தும் அளவைக் கிடைமட்டத் தொலைவே தீர்மானிக்கிறது. 45 பாகைச் சரிவில் 200 கஜம் தள்ளி நிற்கும் வரையாட்டுக்குக் கிடைமட்டத் தொலைவு சுமார் 141 கஜமே, ஆகவே 200 கஜத்துக்கான குறியோடு சுட்டவரின் குண்டு முதுகுக்கு மேலே பறந்துபோகும்.

இச்சிக்கலுக்கு அக்காலத்தின் விடை 'எக்ஸ்பிரஸ்' துப்பாக்கி. இலண்டனின் பர்டி நிறுவனம் 1850களில், விரைவு ரயிலின் பெயரைத் தாங்கிய ஒரு துப்பாக்கியை அறிமுகப்படுத்தியது. லேசான குண்டுக்கு மிகுதியான மருந்து என்பதே அதன் கொள்கை. வேகம் கூடக் கூடக் குண்டின் பாதை நேர்கோட்டை நெருங்குவதால், 150 கஜம் வரை தொலைவுக் கணக்கைப் பெரிதாகக் கருதாமல் சுட முடிந்தது. விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது: லேசான, முனை குழிந்த குண்டு மானின் தோளில் பட்டுச் சிதறிவிடும், காட்டெருதின் எலும்பைத் தாண்டாது. ஒரே துப்பாக்கியோடு ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் போக விரும்பியவர், இரண்டு வகைக் குண்டுகளையும் இரண்டு மருந்தளவுகளையும் தனித்தனியே சுட்டுப் பார்த்து, ஒவ்வொன்றும் குறியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது பக்கத்தில் விழுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

1860களில் பின்புறம் திறந்து தோட்டா இடும் துப்பாக்கி பரவியபோது கைவேலை ஒழிந்துவிடவில்லை. காட்டிலிருந்து வீட்டு மேசைக்கு இடம் மாறியது. பித்தளைக் கூடு விலை மிகுந்தது, இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டியது. எனவே சுட்ட கூட்டைச் சேமித்து, பழைய கேப்பை நீக்கிப் புதியதைப் பொருத்தி, மருந்தும் தக்கையும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்தினார்கள். சென்னையின் பி.ஆர். அண்ட் சன்ஸ், ஓக்ஸ் போன்ற கடைகள் துப்பாக்கியையும் அதற்கான சாமான்களையும் விற்றன. கருமருந்தின் கசடு பித்தளையை அரிக்கும் என்பதால் சுட்ட கூடுகளை அன்றைக்கே வெந்நீரில் கழுவி உலர்த்த வேண்டும்; சுடும்போது அகன்ற கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே மெழுகிட்ட தக்கை ஒன்று வைப்பது மிக முக்கியம். அது குழலின் கசடை இளக்கி, பத்தாவது குண்டும் முதல் குண்டு போனவிடத்துக்கே போக உதவியது. கொழுப்புக் கலந்த மெழுகு உதகையின் குளிரில் கெட்டியாக நிற்கும். கோவைச் சமவெளியின் சித்திரை வெயிலில் இளகி மருந்துக்குள் ஊறிவிடும். தேன்மெழுகைக் கூட்டிக் கொழுப்பைக் குறைத்தவர் இதிலிருந்து தப்பினார்.

இங்கிலாந்தின் கர்ட்டிஸ் அண்ட் ஹார்வி நிறுவனத்தின் 6ஆம் எண் மருந்தை விளையாட்டுத் துப்பாக்கிக்கு உயர்ந்ததாக அக்கால நூல்கள் போற்றுகின்றன. அதன் சிறப்பு, ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் வேறுபாடு குறைவாக இருந்ததே. கருமருந்துக்கு மற்றொரு நற்குணமும் உண்டு: அளவில் சிறு பிழை நேர்ந்தால் அது மன்னித்துவிடும். .450 எக்ஸ்பிரஸ் தோட்டாவில் 120 கிரெயின் கருமருந்து இடப்பட்டது. ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம், கிட்டத்தட்டக் குன்றிமணியில் பாதி. 120இல் ஒன்றோ இரண்டோ கூடினாலும் குறைந்தாலும் வேகத்தில் தெரியும் மாறுதல் சிறிது என்பதால் தராசு தேவைப்படவில்லை, ஒரே மாதிரி தட்டி நிரப்பிய கிண்ணமே போதுமானது. கையால் நிரப்பியவர் தொழிற்சாலையோடு போட்டியிட முடிந்ததற்கு இந்தப் பொறுமையான மருந்தே காரணம்.

இரட்டைக்குழல் துப்பாக்கியில் மட்டும் அளவை மாற்றும் சுதந்திரம் குறைவு. பக்கத்துப் பக்கமாக ஒட்டிய இரு குழல்களில் வலது குழலைச் சுட்டால் துப்பாக்கி வலப்புறமாகவும், இடது குழலைச் சுட்டால் இடப்புறமாகவும் உதைத்துத் திரும்பும். இதைச் சரிக்கட்ட, துப்பாக்கி செய்பவர் இரு குழல்களையும் முன்முனையில் சற்றே நெருங்குமாறு பற்றவைத்து, குறிப்பிட்ட குண்டையும் மருந்தளவையும் கொண்டு சுட்டுப் பார்த்து, இரண்டும் ஒரே இடத்தில் விழும்வரை குழல்களுக்கு இடையிலுள்ள ஆப்பை நகர்த்தி நகர்த்தி ஒழுங்குசெய்வார். அந்த அளவிலிருந்து விலகிக் குறைவாக மருந்திட்டால், குண்டு குழலுக்குள் அதிக நேரம் தங்கி, வலது குண்டு வலப்புறமும் இடது குண்டு இடப்புறமும் விலகும். மிகுதியாக இட்டால் இரண்டும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும். ஆகவே இரட்டைக்குழலுக்குரியவர் தம் விருப்பப்படி அளவை மாற்ற இயலாது. துப்பாக்கியின் அடியில் பொறித்த அளவையே அவர் தேடிப் பிடிக்க வேண்டும்.

இந்த ஒழுங்கை முழுவதும் குலைத்தது புகையிலா மருந்து. ஃபிரெடெரிக் ஏபெலும் ஜேம்ஸ் டூவாரும் 1889இல் உருவாக்கிய கார்டைட், நைட்ரோகிளிசரினையும், பஞ்சை அமிலத்தில் நனைத்துச் செய்யும் வெடிபஞ்சையும் அசிட்டோனில் குழைத்து, கனிம மெழுகு சேர்த்து, கயிறுபோல் பிழிந்து எடுக்கும் மருந்து. முதல் கலவையில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு; அதன் வெப்பம் குழலை வேகமாக அரித்ததால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை 30 விழுக்காடாகக் குறைத்தார்கள். இந்தியப் படைக்கான கார்டைட்டை இந்தியாவிலேயே செய்ய முடிவானபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் நீலகிரியின் அருவங்காடு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலைரயில் 1899இலேயே ஓடத் தொடங்கியிருந்தது. காட்டேரி அருவியிலிருந்து நீர்மின்சாரம் எடுக்க முடிந்தது. எளிதில் ஆவியாகும் கரைப்பானும் வெப்பத்தைத் தாங்காத நைட்ரோகிளிசரினும் புழங்கும் வேலைக்கு ஆண்டு முழுவதும் குளிர்ந்த காற்று ஏற்றது. தொழிற்சாலை 1903–04இல் இயங்கத் தொடங்கியது. ஹாமில்டன் போன்றவர்கள் மருந்துக்கொம்போடு திரிந்த அதே மலையில் அரை நூற்றாண்டுக்குள் எழுந்த இந்த ஆலை, கையால் மருந்திடுவோரின் உலகத்தை எப்படி முடித்தது என்பது கார்டைட்டின் வடிவத்திலேயே அடங்கியிருக்கிறது.

கருமருந்து கொட்டத்தக்க தூள். கார்டைட்டோ நீண்ட குச்சிகளின் கட்டு. கழுத்துக் குறுகிய .303 போன்ற தோட்டாவில் அந்தக் கட்டைப் பிறகு நுழைக்க வழியில்லை; எனவே தொழிற்சாலையில் கூடு நேராக இருக்கும்போதே கட்டைச் செருகி, அதன்பின் கழுத்தை இறுக்கிக் குறுக்கி, குண்டைப் பொருத்தினார்கள். வீட்டு மேசையில் இதைச் செய்ய இயலாது. கேப்பும் மாறியது: பெர்டன் வகைக் கேப்பில் பட்டடை கூட்டோடு ஒட்டியிருக்க, பக்கத்தில் இரண்டு சிறு துளைகளே இருந்தன, நடுத்துளை இல்லாததால் உள்ளிருந்து ஒரு கம்பியால் தள்ளிப் பழைய கேப்பை வெளியேற்ற முடியாது. கேப்பிலுள்ள பாதரசச் சேர்மம் புகையிலா மருந்தோடு சேரும்போது பித்தளையை நொறுங்கவைத்தது. மற்றொரு சேர்மம் குழலுக்குள் உப்பாகப் படிந்து, மலைமூடுபனியில் ஓரிரவுக்குள் துருவை வரவழைத்தது. வேட்டையிலிருந்து திரும்பியதும் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவிய பிறகே எண்ணெயிடுவது இதனால் கட்டாயமாயிற்று. எண்ணெய் மட்டும் உப்பைக் கரைக்காது.

அளவின் நுட்பமும் வேறாகிவிட்டது. ரிக்பி நிறுவனம் 1898இல் வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், பழைய கருமருந்து எக்ஸ்பிரஸின் கூட்டையே பயன்படுத்தியது. 120 கிரெயின் கருமருந்து இருந்த இடத்தில் 70 கிரெயின் கார்டைட் இட்டு, கனமான 480 கிரெயின் குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 2,150 அடி வேகத்தில் அனுப்பியது. கூடு ஒன்றாக இருந்ததால் புதிய தோட்டா பழைய துப்பாக்கியிலும் நுழைந்தது. அழுத்தத்தைத் தாங்காத பழைய குழல் வெடித்து ஆளைக் கொல்லக்கூடிய இந்த இடர் காரணமாக, பழைய துப்பாக்கிகளுக்கென்று குறைந்த அளவு புகையிலா மருந்திட்ட தனித் தோட்டாக்களையும் ஆலைகள் செய்தன. அடர்த்தி மிகுந்த இம்மருந்தில் ஓரிரு கிரெயின் பிழையும் அழுத்தத்தை வெகுவாக உயர்த்தும்; கிண்ணத்தால் அளந்த காலம் முடிந்து தராசின் காலம் வந்தது.

கார்டைட்டுக்குக் கொங்கு நாட்டு வெயில் ஒரு தனிச் சோதனை. அதன் எரிவேகம் வெப்பநிலையோடு ஏறும். இங்கிலாந்தின் குளிரில் ஒழுங்குசெய்யப்பட்ட இரட்டைக்குழல், சத்தியமங்கலத்தின் கோடையில் மேலாகவும் குறுக்காகவும் சுட்டது, சில வேளைகளில் சுட்ட கூடு குழலறையில் இறுகிப்போய் வெளிவர மறுத்தது. கைனாக் நிறுவனம் வெப்ப நாடுகளுக்கென மருந்தைக் குறைத்து நிரப்பிய தோட்டாக்களை விற்றதற்கு இதுவே காரணம். மலைமேல் போகும்போது காற்று மெலிவதாலும் குண்டின் போக்கு மாறும். உதகையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனினும் 100 கஜத்தில் அந்த மாறுதல் கண்ணுக்குத் தெரியாத அளவினது. மேட்டுப்பாளையத்தில் காலை ஏறி உதகையில் மாலை இறங்கும் வேட்டைக்காரர் கவலைப்பட வேண்டியது உயரத்தைப் பற்றியன்று, தோட்டாப் பெட்டி நாளெல்லாம் வெயிலில் கிடந்ததா என்பதைப் பற்றியே.

தொழில்நுட்பம் விட்டுவைத்ததைச் சட்டம் எடுத்துக்கொண்டது. சென்னை மாகாணம் 1873இல் காட்டுயானைகளுக்கும், 1879இல் நீலகிரியின் வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் காப்புச் சட்டம் இயற்றியது. வரையாடு அழிந்துவிடாமல் காத்ததில் பின்னதற்குப் பங்குண்டு. 1878இன் ஆயுதச் சட்டம் துப்பாக்கியை உரிமத்துக்குள் அடக்கியது. கிளர்ச்சியாளர் கையில் சிக்கிய .450 படைத் துப்பாக்கிகளுக்கு அதே அளவுத் தோட்டா கிடைத்துவிடும் என்ற அச்சத்தில் 1907இல் .450 துப்பாக்கிகள் இந்தியாவுக்குள் வருவதை ஆங்கில அரசு தடுத்தது, அதனாலேயே .465, .470, .475, .476 என்று ஒன்றுக்கொன்று சிறிதே வேறுபட்ட அளவுகள் பெருகின. ஒன்றின் தோட்டா மற்றொன்றில் பொருந்தாது. ஒவ்வொரு துப்பாக்கிக்காரரும் தம் தோட்டாவைச் செய்யும் ஓர் ஆலையை நம்பி வாழ வேண்டியதாயிற்று. தாளவாடி, திம்பம் பகுதிகளை எழுத்தில் கொண்டுவந்த பெங்களூர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் பயன்படுத்திய .405 வின்செஸ்டரும் அமெரிக்க ஆலைத் தோட்டாவையே எதிர்பார்த்து நின்றது. விடுதலைக்குப் பின் இறக்குமதி சுருங்கியது. 1960களில் கைனாக்கும் பெரிய அளவுத் தோட்டாக்களைக் கைவிடத் தொடங்கியது. பழைய இருப்பில் எஞ்சிய, ஈரம் கண்ட, வயது தெரியாத தோட்டாக்களால் குறி தவறுவதும் சில வேளைகளில் வெடிக்காமலே போவதும் சாதாரணமாயின.

மேல்நாடுகளில் அதே காலத்தில் பெட்டிகளில் கிடைத்த தூள்வடிவப் புகையிலா மருந்தும் நடுத்துளைக் கேப்பும் கையால் நிரப்பும் பழக்கத்தைப் புதுப்பித்தன. அமெரிக்க வேட்டைக்காரர் ஒவ்வொரு தோட்டாவையும் தராசில் நிறுத்து, குண்டு வரிப்பள்ளத்தைத் தொடும் தொலைவை நூறில் ஒரு அங்குலக் கணக்கில் மாற்றிச் சுட்டுப் பார்த்தார். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டா செய்வதற்கும் உரிமம் வேண்டும் என்று விதித்ததாலும், கேப்பும் மருந்தும் சந்தையில் கிடைக்காததாலும் அப்பழக்கம் இங்கே வேர்கொள்ளவில்லை. உரிமம் பெற்றவருக்குக் கிடைத்தது இஷாபூர் ஆலையின் .315 துப்பாக்கியும் அரசு ஆலைத் தோட்டாவுமே. அது ஒரு வகை, ஒரு குண்டு, ஒரு அளவு. தன் துப்பாக்கிக்கு அது பொருந்தாவிட்டால் குறிகாட்டியை நகர்த்துவதன்றி அவர் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. கையால் மருந்திடுவது எஞ்சியிருந்தது மலைச்சிற்றூர்களின் வாய்வழி நிரப்பும் நாட்டுத் துப்பாக்கியில் மட்டும். கொல்லிமலை, கல்வராயன், சத்தியமங்கலக் காடுகளில் உரிமமின்றி வைத்திருந்த அவற்றைக் காவல்துறை இன்றளவும் கைப்பற்றுகிறது. வழவழப்பான குழலும் ஒழுங்கற்ற மருந்தும் கொண்ட அத்துப்பாக்கி 200 ஆண்டுகளுக்கு முந்தைய குறியிலேயே நிற்கிறது. அதில் அடிபட்டு ஓடும் விலங்கின் துன்பமும் அக்காலத்தினதே.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சில விலங்குகளுக்கு உரிமத்தோடு வேட்டையை அனுமதித்தது. 1991இன் திருத்தம் அந்த வாயிலையும் மூடியது. முதுமலை 1940இலேயே சரணாலயமாகியிருந்தது, ஆனைமலை 1976இல் ஆயிற்று. அருவங்காட்டு ஆலை 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் படைகளுக்கான உந்துமருந்தைத் தொடர்ந்து செய்துவருகிறது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் பொருத்தம் தேடும் பழைய அக்கறையை இன்று காண வேண்டுமானால் இலக்குச் சுடும் விளையாட்டரங்குக்குப் போக வேண்டும். அங்கே புழங்கும் .22 தோட்டாவின் கேப் கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடங்கியிருப்பதால் அதை மறுபடி நிரப்பவே முடியாது. ஆகவே வீரர்கள் ஒரே பெயருடைய தோட்டாவின் பல தயாரிப்புத் தொகுதிகளைத் தம் குழலில் வைத்துச் சுட்டுப் பார்த்து, எந்தத் தொகுதியின் சிதறல் மிகக் குறுகியதோ அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு தொகுதியிலிருந்தே ஒரு பருவத்துக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள்.